வருமான வரிக் கணக்கும் கல்லூரி உதவித்தொகைத் தகுதியும்

அப்பா வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் பிள்ளையின் கல்லூரி உதவித்தொகை நின்றுவிடுமா? தொழிற்பேட்டைகளைச் சார்ந்து வாழும் குடும்பங்களில் ஒவ்வோர் ஆண்டும் சேர்க்கைக் காலத்தில் எழும் கேள்வி இது. கணக்குத் தாக்கல் செய்த காரணத்தால் மட்டும் உதவித்தொகை நிற்பதில்லை. தகுதியை முடிவு செய்வது குடும்பத்தின் ஆண்டு வருமானம். வரிக் கணக்கு அந்த வருமானத்தை எழுத்தில் பதிவு செய்கிறது. ஆனால் வரிக் கணக்கில் ஒரு தொகையும் வட்டாட்சியர் தரும் வருமானச் சான்றிதழில் வேறொரு தொகையும் இருக்குமானால், அந்த வேறுபாடு பிள்ளையின் படிப்பைத் தொடும். திருவள்ளூர் மாவட்டம் காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் வழக்கமாகக் காணப்படும் இரண்டு வகைக் குடும்பங்களை வைத்து இக்கட்டுரை அதை விளக்குகிறது. ஒன்று மாதச் சம்பளக் குடும்பம். மற்றொன்று சொந்த லேத் பட்டறை வைத்திருக்கும் குடும்பம். கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதிக்கும் இது அப்படியே பொருந்தும்.

அச்சம் எங்கிருந்து வந்தது

இந்த அச்சம் வெறும் வதந்தியிலிருந்து பிறந்ததன்று. சில அரசுத் திட்டங்களில் வரி செலுத்துவதோ கணக்குத் தாக்கல் செய்வதோ தகுதி நீக்கத்துக்கான காரணமாகவே எழுதப்பட்டுள்ளது. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தின் விதிகளில், ஆண்டுக்கு 2.5 இலட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம் ஈட்டி வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் குடும்பத்தினர் விலக்கப்பட்டனர். உழவர்களுக்கான பிரதமர் கிசான் திட்டத்திலும் முந்தைய ஆண்டில் வருமான வரி செலுத்தியவர்களுக்கு உதவி இல்லை.

பக்கத்து வீட்டு அம்மாவின் விண்ணப்பம் இந்தக் காரணத்தால் தள்ளுபடியானதைப் பார்த்தவர்கள், அதே விதி கல்லூரி உதவித்தொகைக்கும் உண்டு என்று எண்ணிக்கொள்கிறார்கள். உதவித்தொகைத் திட்டங்கள் கேட்பது வேறு. "வரி கட்டினீர்களா?" என்று அவை கேட்பதில்லை. "குடும்பத்துக்கு ஆண்டுக்கு எவ்வளவு வருகிறது?" என்றுதான் கேட்கின்றன.

தகுதியை முடிவு செய்யும் ஆவணம்

அமெரிக்காவில் கல்லூரி நிதியுதவிக்கு விண்ணப்பிக்கும் மாணவர் பொது விண்ணப்பம் ஒன்றை நிரப்புகிறார். 2024-25 கல்வியாண்டு முதல், குடும்பத்தின் வரிக் கணக்கு விவரங்கள் வரித்துறையிலிருந்து நேரடியாக அந்த விண்ணப்பத்துக்குள் வந்து சேர்கின்றன. அதற்கு ஒப்புதல் தராதவருக்குக் கூட்டாட்சி அரசின் உதவி கிடையாது. 2024-25க்கான விண்ணப்பத்தில் 2022ஆம் ஆண்டின் வரிக் கணக்கைப் பார்த்தார்கள். அங்கே வரிக் கணக்குதான் அடிப்படை ஆவணம்.

தமிழ்நாட்டில் அந்த இடத்தில் இருப்பது வருவாய்த்துறை வழங்கும் வருமானச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணம் செலுத்தி விண்ணப்பித்தால், விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாகச் சென்று வட்டாட்சியர் நிலையில் ஒப்புதல் பெறுகிறது. குடும்ப அட்டை, ஆதார், சம்பளச் சீட்டு, பான் அட்டை ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பிப்பவரும் இந்தச் சான்றிதழைத்தான் காட்டுகிறார்.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். நம் பக்கத்தில் பல ஆண்டுகளாக எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் சான்றிதழில் 72,000 என்றே இருக்கும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஒரு காலத்தில் அந்தத் தொகைதான் வரம்பு. பின்னர் அது 1,20,000 ஆக உயர்த்தப்பட்டது. கொத்தனாருக்கும் 72,000, கடைக்காரருக்கும் 72,000. மருத்துவத்துக்கென்று வாங்கிய தாளையே கல்லூரிக்கும் நீட்டுவார்கள். வீட்டில் வரிக் கணக்கு என்ற ஒன்று இல்லாதவரை இதை யாரும் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. இன்று பான் எண்ணும் ஆதாரும் இணைந்திருக்கின்றன. நிறுவனம் சம்பளத்தில் வரி பிடித்தால், வாடிக்கையாளர் பட்டறைக்காரரின் பில்லில் 1 விழுக்காடு பிடித்தால், ஜி.எஸ்.டி. கணக்கு போட்டால், எல்லாம் வரித்துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையில் வந்து நிற்கின்றன. பழைய பழக்கம் இனி செல்லாது.

வரம்புகள்

பட்டியல் வகுப்பு மாணவர்களுக்கான பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய மத்திய உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 இலட்சத்துக்குள் இருக்க வேண்டும். பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளில், கட்டாயக் கட்டணங்கள் போக, விடுதியில் தங்குவோருக்கு ஆண்டுக்கு 13,500 ரூபாயும் வீட்டிலிருந்து வருவோருக்கு 7,000 ரூபாயும் படிப்புப்படியாகத் தரப்படுகிறது. பிற்படுத்தப்பட்டோருக்கான மத்தியத் திட்டத்திலும் 2.5 இலட்சமே வரம்பு. பன்னிரண்டாம் வகுப்பில் சிறந்த மதிப்பெண் பெற்றோருக்கான மத்தியத் துறை உதவித்தொகையின் வரம்பு 4.5 இலட்சம், இதில் இளநிலைப் படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். தொழில்நுட்பப் படிப்பில் சேரும் பெண்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ. வழங்கும் பிரகதி உதவித்தொகையின் வரம்பு 8 இலட்சம்; தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். ஐ.ஐ.டி.களில் குடும்ப வருமானம் 1 இலட்சத்துக்குக் கீழ் என்றால் கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. 1 முதல் 5 இலட்சம் வரை என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி.

2.5 இலட்சத்தைத் தாண்டிய வீட்டில் பெண் பிள்ளை இருந்தால் பிரகதியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். "நமக்கு ஸ்காலர்ஷிப் கிடையாது" என்று முடிவு கட்டி, 8 இலட்ச வரம்புள்ள இந்தத் திட்டத்தையும் விட்டுவிட்ட வீடுகள் ஒன்றிரண்டல்ல.

மொத்த வருமானமும் வரிக்குரிய வருமானமும்

பெரும்பாலான குழப்பம் இந்த இடத்தில்தான். 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையின்படி 4 இலட்சம் வரை வரி இல்லை. 12 இலட்சம் வரை வரிக்குரிய வருமானம் உள்ளவருக்கும் தள்ளுபடியால் வரி பூஜ்யமாகிறது. சம்பளக்காரருக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவும் உண்டு. "எனக்கு வரியே வரவில்லை, ஆகவே நான் ஏழை" என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. உதவித்தொகைக்கு எடுத்துக்கொள்ளப்படுவது கழிவுகளுக்கு முந்தைய மொத்த வருமானம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். காக்களூர் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் தந்தையின் மாதச் சம்பளம் 19,500 ரூபாய் என்று கொள்வோம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் போகக் கைக்கு 17,500 ரூபாய் அளவில் வருகிறது. அவர் மனத்தில் உள்ள கணக்கு 17,500 பெருக்கல் 12, அதாவது 2,10,000. படிவத்திலும் அதையே எழுதுகிறார். நிறுவனத்தின் பதிவேட்டில் இருப்பதோ 19,500 பெருக்கல் 12, அதாவது 2,34,000. தீபாவளி போனஸ் 20,000 சேர்ந்தால் 2,54,000. ஓ.டி. பணம் இருந்தால் இன்னும் ஏறும். வரம்பு 2,50,000. நாலாயிரம் ரூபாயில் தகுதி போய்விடுகிறது.

இதே மனிதருக்கு வருமான வரிச் சட்டத்தின் பார்வையில் வரி இல்லை. கணக்குத் தாக்கல் செய்யும் கட்டாயமும் இல்லை. நிலையான கழிவைக் கழித்தால் அவரது வருமானம் 1,79,000 தான். ஆனால் அந்த 1,79,000 வரித்துறைக்கான எண். உதவித்தொகைப் படிவத்தில் அதை எழுதக்கூடாது. தாய் வீட்டில் தையல் தைத்தோ சிப்பம் கட்டியோ ஈட்டும் தொகையும் குடும்ப வருமானத்தில் சேரும்.

யாருடைய வருமானம் சேரும் என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். பட்டியல் வகுப்பினருக்கான உதவித்தொகையின் 2010ஆம் ஆண்டு விதிகளில், தாய் தந்தையரில் ஒருவர் உயிருடன் இருக்கும்வரை பெற்றோரின் வருமானம் மட்டுமே கணக்கில் கொள்ளப்படும், சம்பாதிக்கும் மற்ற உறுப்பினரின் வருமானம் சேராது என்று தெளிவாக எழுதப்பட்டிருந்தது. அண்ணன் சம்பளத்தைச் சேர்த்து எழுதித் தகுதியை இழந்தவர்களும் உண்டு. சேர்க்க வேண்டிய திட்டத்தில் சேர்க்காமல் விட்டவர்களும் உண்டு. அந்தந்த ஆண்டின் வழிகாட்டு நெறிமுறையில் "குடும்பம்" என்ற சொல்லுக்குத் தந்துள்ள விளக்கத்தைப் படித்துவிட்டு எழுதுவதே சரி. வகுப்பில் வினாத்தாளை முழுதாகப் படியுங்கள் என்று சொல்வோமே, அதே அறிவுரைதான்.

சொந்தத் தொழில் செய்வோர்

சம்பளக்காரருக்குப் படிவம் 16 இருக்கிறது. அல்லது சம்பளச் சீட்டாவது இருக்கிறது. இரண்டு லேத் போட்டு, பெரிய நிறுவனங்களுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கும் பட்டறைக்காரருக்கு அப்படி ஒன்றும் இல்லை. அவருடைய வருமானத்துக்கு எழுத்துச் சான்று வரிக் கணக்குதான். அதனால் அவர் வீட்டில் இந்தப் பிரச்சினை கூர்மையாகிறது.

சிறு தொழில் செய்வோருக்கு அனுமான வருமான முறை என்ற வசதியை வரிச் சட்டம் தருகிறது. வரவு செலவுப் பேரேடுகளை முழுமையாக வைத்திராதவர், ஆண்டு வரவில் வங்கி வழியாக வந்த தொகைக்குக் குறைந்தது 6 விழுக்காட்டையும் ரொக்கமாக வந்ததற்குக் குறைந்தது 8 விழுக்காட்டையும் இலாபமாகக் காட்டலாம். ஒரு பட்டறையின் ஆண்டு வரவு 30 இலட்சம், எல்லாம் வங்கி வழியாக வந்தது என்றால், குறைந்த அளவு 1,80,000. வேலை கொடுத்த நிறுவனங்கள் ஒவ்வொரு பில்லிலும் 1 விழுக்காடு பிடித்திருந்தால் அது 30,000 ரூபாய். கணக்குத் தாக்கல் செய்தால்தான் அந்த 30,000 திரும்ப வரும். பிடித்தம் ஆண்டுக்கு 25,000 ரூபாயைத் தொட்டாலே கணக்குத் தாக்கல் கட்டாயம். உதவித்தொகைக்குப் பயந்து தாக்கல் செய்யாமல் இருப்பவர், தம் பணத்தை இழப்பதோடு சட்டத்தையும் மீறுகிறார்.

அடுத்து வருவது பலரும் கவனிக்காத இடம். அதே பட்டறைக்காரருக்குப் புதிய எந்திரம் வாங்கக் கடன் வேண்டும். ஆடிட்டரோ கணக்கு எழுதுபவரோ, "6 விழுக்காடு போட்டால் வங்கியில் கடன் பெயராது, 10 விழுக்காடு போடுவோம்" என்கிறார். வருமானம் 3,00,000 ஆகிறது. 1,80,000 என்றாலும் 3,00,000 என்றாலும் புதிய முறையில் வரி பூஜ்யம்தான். செலவில்லாத காரியம் என்று அவரும் கையெழுத்திடுகிறார். பிள்ளையின் 2.5 இலட்ச வரம்பு அந்தக் கையெழுத்தில் தாண்டிப்போகிறது.

இதிலிருந்து "எப்போதும் குறைத்துக் காட்டுங்கள்" என்ற முடிவுக்கு வரக்கூடாது. 6 விழுக்காடு என்பது கீழ் எல்லை மட்டுமே. உண்மையில் அதைவிட அதிகம் இலாபம் வந்திருந்தால் அந்த அதிகத் தொகையைத்தான் காட்ட வேண்டும். உண்மை இலாபம் 3 இலட்சம் என்றால் அந்தக் குடும்பம் 2.5 இலட்சத் திட்டத்துக்கு உரியது அன்று, 4.5 இலட்ச, 8 இலட்சத் திட்டங்களுக்கு உரியது. கடனுக்காக ஊதிக் காட்டுவதும் உதவித்தொகைக்காகச் சுருக்கிக் காட்டுவதும் ஒரே தவற்றின் இரு பக்கங்கள்.

வங்கிக் கிளையில் இரண்டு தாள்கள்

வேறுபாடு பெரும்பாலும் வெளிப்படுவது வட்டாட்சியர் அலுவலகத்தில் அல்ல, கல்விக் கடன் கேட்கும் வங்கியில். கடனில் பெற்றோர் இணைக் கடனாளியாகச் சேர்வதால் கிளை அவருடைய சம்பளச் சீட்டையோ இரண்டு மூன்று ஆண்டு வரிக் கணக்கையோ கேட்கிறது. வட்டி மானியத்துக்கோ வருமானச் சான்றிதழைக் கேட்கிறது. தொழிற்படிப்புக்கான மத்திய வட்டி மானியத் திட்டத்தில் குடும்ப வருமானம் 4.5 இலட்சத்துக்குள் என்றால் படிப்புக் காலத்துக்கும் அதற்குப் பிந்தைய தவணை விடுப்புக் காலத்துக்கும் வட்டியை அரசே ஏற்கிறது. 2024 நவம்பர் 6 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலிடப்பட்ட உயர்தரக் கல்வி நிறுவனங்களில் படிப்போருக்கு 8 இலட்சம் வரையிலான வருமானத்துக்கு, 10 இலட்சம் வரையிலான கடனில் 3 விழுக்காடு வட்டி மானியம் உண்டு.

ஆக, ஒரே கோப்பில் இரண்டு தாள்கள் அடுத்தடுத்து அமர்கின்றன. பணி ஓய்வுக்குப் பின் பிள்ளைகளுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்துவரும் நான் இதை நேரில் கண்டிருக்கிறேன். பட்டறைக்காரர் ஒருவரின் மகன், பொறியியல் முதலாண்டு. தந்தையின் வரிக் கணக்கில் 5 இலட்சத்துக்கு மேல். வருமானச் சான்றிதழில் அந்தப் பழைய 72,000. கிளை அலுவலர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இதில் எது ஐயா உண்மை?" என்று கேட்டார். தந்தையால் பதில் சொல்ல முடியவில்லை. உண்மையான வருமானம் இரண்டுக்கும் நடுவில், ஏறக்குறைய 3.5 இலட்சம். அதை உள்ளபடி எழுதியிருந்தால் கடனும் கிடைத்திருக்கும், முழு வட்டி மானியமும் கிடைத்திருக்கும். மானியம் அந்த ஆண்டு கிடைக்கவில்லை. தந்தையிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல், பையன் வெளியே மிதிவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்றும் நினைவில் இருக்கிறது.

பொய்யான விவரம் தந்து உதவித்தொகை பெற்றதாகத் தெரிந்தால், அதை ரத்து செய்து கொடுத்த தொகையைத் திரும்பப் பெறவும், மாணவரை எதிர்கால உதவித்தொகைகளிலிருந்து விலக்கவும் பட்டியல் வகுப்பினருக்கான உதவித்தொகை விதிகளில் இடமுண்டு. படிவத்தில் எழுதியது தந்தையாக இருந்தாலும் விளைவு மாணவர் மேல்தான் விழுகிறது.

வருமானம் திடீரென்று குறைந்தால்

வரிக் கணக்கு கடந்த நிதியாண்டைப் பேசுகிறது. சேர்க்கை நடக்கும் ஜூன் மாதத்தில் தந்தை வேலையில் இல்லாமல் இருக்கலாம். ஒப்பந்தத் தொழிலாளர் மிகுந்த தொழிற்பேட்டைகளில் இது புதிதல்ல. அப்போது பழைய சான்றிதழோடு நிற்காமல், வேலையிலிருந்து விடுவித்த கடிதத்தையோ கடைசிச் சம்பளச் சீட்டையோ பி.எஃப். கணக்கில் வரவு நின்ற விவரத்தையோ எடுத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரை நேரில் பார்த்து நிலைமையைச் சொல்லிப் புதிய சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தந்தை இறந்துவிட்ட வீட்டிலும் இதுவே முறை. பழைய வரிக் கணக்கில் உள்ள தொகை இப்போதைய குடும்ப வருமானம் அன்று.

வரிக் கணக்கிலேயே பிழை இருந்தால், உரிய காலத்துக்குள் திருத்திய கணக்குத் தாக்கல் செய்யலாம். அந்தக் காலம் கடந்தபின் செய்யக்கூடிய புதுப்பித்த கணக்கில் வருமானத்தைக் கூட்டலாமே தவிர, வரியைக் குறைக்கவோ கூடுதல் பணம் திரும்பக் கேட்கவோ முடியாது. ஊதிக் காட்டியவருக்கு அந்த வழி உதவாது. அவர் செய்யக்கூடியது, அடுத்த ஆண்டுக் கணக்கை உள்ளபடி எழுதி, அதே தொகைக்கு வருமானச் சான்றிதழும் வாங்குவது.

வருமானம் பாராத உதவிகள்

வரம்பு தாண்டிவிட்டது என்பதற்காக எல்லாக் கதவும் அடைபடுவதில்லை. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குச் செல்பவருக்கு, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழித் தொழிற்படிப்பில் கல்விக் கட்டணச் சலுகையைத் தமிழ்நாடு அரசு 2010-11 முதல் தருகிறது. இதற்கு வருமான வரம்பு கிடையாது. முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழே போதும். அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்துக்கும் 2021இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. அதில் இடம் பெறுவோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்காக 2024 ஆகஸ்டு 9 அன்று தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அங்கேயும் படித்த பள்ளியைத்தான் பார்க்கிறார்கள், தந்தையின் வரிக் கணக்கை அல்ல.

மாணவர்கள் அடிக்கடி கேட்கும் இன்னொரு கேள்வி: கிடைத்த உதவித்தொகைக்கு வரி உண்டா? படிப்புச் செலவுக்காகத் தரப்படும் உதவித்தொகைக்கு வருமான வரிச் சட்டம் விலக்கு அளிக்கிறது. அதை மாணவரின் வரிக்குரிய வருமானத்தில் சேர்க்க வேண்டியதில்லை. கல்விக் கடனைத் திருப்பிச் செலுத்தத் தொடங்கியபின், பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர் கட்டிய வட்டியை எட்டு ஆண்டுகள் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். புதிய முறையில் இந்தக் கழிவு இல்லை. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்கு மாற்றாக 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால், பழைய பிரிவு எண்களைச் சொல்லிக் கேட்டால் ஆடிட்டர் அலுவலகத்தில் வேறு எண் சொல்வார்கள்; குழம்ப வேண்டாம்.

படிவம் நிரப்ப உட்காரும்முன் தந்தையின் படிவம் 16 அல்லது வரிக் கணக்கின் ஒப்புகைச் சீட்டு, வருமானச் சான்றிதழ், வங்கிக்குக் கொடுத்த தாள் ஆகிய மூன்றையும் மேசைமேல் வைத்து, தொகைகள் ஒத்துப்போகின்றனவா என்று மாணவரே ஒருமுறை பார்த்துவிடலாம். ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் போக வேண்டிய இடம் இ-சேவை மையம். புதிய சான்றிதழ் கைக்கு வந்தபின் கல்லூரி அலுவலகத்துக்குப் போகலாம்.